ஹெரிஃபோர்டு கதீட்ரல் போஸ்ட்கார்டு: படத்தில் இருக்கும் கிராதி நேரில் ஏன் இல்லை, அட்டை எந்த வருடத்தது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஒரு பழைய பொருள் கடையில் 2 பவுன் கொடுத்து ஒரு கறுப்பு வெள்ளை போஸ்ட்கார்டு வாங்கியிருக்கிறீர்கள். ஹெரிஃபோர்டு கதீட்ரலின் உட்புறம், நடுக்கூடத்தில் நின்று கிழக்கே பார்த்தபடி எடுத்த படம். போன மாதம் அதே இடத்தில் போய் நின்றபோது, படத்தில் நடுவே நிற்கிற பிரம்மாண்டமான உலோகக் கிராதி அங்கே இல்லை. பின்பக்கம் பச்சை நிற அரைப்பென்னி ஸ்டாம்ப், தாடி வைத்த அரசர், பாதி அழிந்த முத்திரை, மூன்று வரிச் செய்தி. எந்த வருடம், என்ன விலை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது கிராதிதான் என்று நினைக்கிறேன். இது வேறு ஏதோ கதீட்ரலா, அல்லது யாராவது பின்னால் அச்சடித்த போலியா என்ற சந்தேகம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் காகித ஆவணங்களைப் பராமரிக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன். போஸ்ட்கார்டு சேகரிப்பு அதன் பக்கவிளைவாக வந்து ஒட்டிக்கொண்டது. அட்டையைக் கையில் வைத்துப் பார்க்காமல், நீங்கள் போட்ட இரண்டு போட்டோக்களை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். காகிதத்தின் தடிமன், மையின் உண்மையான நிறம், அச்சின் தன்மை ஆகிய மூன்றையும் திரையில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த இடங்களில் நீங்களே செய்து பார்க்கக்கூடிய வழியைச் சொல்கிறேன்.

அது ஹெரிஃபோர்டுதான். அதில் சந்தேகம் வேண்டாம். அந்தக் கிராதியை வடிவமைத்தவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட், விக்டோரியா காலத்தில் இங்கிலாந்தின் பாதிப் பேராலயங்களைப் பழுதுபார்த்தவர் என்றே சொல்லலாம். செய்து கொடுத்தவர் கவென்ட்ரி ஊரைச் சேர்ந்த உலோகக் கலைஞர் பிரான்சிஸ் ஸ்கிட்மோர். 1862இல் லண்டனில் நடந்த சர்வதேசக் கண்காட்சியில் முதலில் அதை நிறுத்தினார்கள். வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அப்புறம்தான் அது ஹெரிஃபோர்டுக்கு வந்தது. உயரம் பத்து மீட்டருக்கு மேல், அகலம் சுமார் பதினோரு மீட்டர், எடை ஏறக்குறைய 8 டன். இரும்பும் பித்தளையும் செம்பும் சேர்ந்தது, நடுநடுவே மொசைக்கும் வண்ணக் கற்களும் பதித்தது. நடுவில் கிறிஸ்து, இருபுறமும் தேவதூதர்கள். மக்கள் அமரும் நடுக்கூடத்தையும் பாடகர் குழுவும் பலிபீடமும் இருக்கும் கிழக்குப் பகுதியையும் பிரிப்பதுதான் அதன் வேலை. கல்லில் சுவர் எழுப்பினால் பார்வை மறையும். உலோகத்தில் பின்னினால் பிரித்தது போலவும் இருக்கும், பார்வையும் ஊடுருவும். ஸ்காட்டின் எண்ணம் அதுதான்.

நூறு வருடம் கழித்து ரசனை மாறிவிட்டது. விக்டோரியா காலத்து அலங்காரம் என்றாலே முகம் சுளிக்கிற காலம் வந்தது. அதோடு, வழிபாட்டில் பலிபீடத்துக்கும் மக்களுக்கும் நடுவே தடுப்பு எதற்கு என்ற எண்ணமும் வலுத்தது. ஸாலிஸ்பரி கதீட்ரலில் இருந்த இதே ஸ்காட், ஸ்கிட்மோர் கூட்டணியின் கிராதி முன்பே போய்விட்டிருந்தது. ஹெரிஃபோர்டில் எதிர்ப்பையும் மீறி 1967இல் பிரித்து எடுத்தார்கள். துண்டு துண்டாகப் பெட்டிகளில் அடைத்து, ஸ்கிட்மோரின் சொந்த ஊரான கவென்ட்ரியில் இருக்கும் ஹெர்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே அதை நிறுத்த வழி பிறக்கவில்லை. 1980களில் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டது. அப்புறமும் வருடக்கணக்கில் காத்திருந்து, ஆயிரக்கணக்கான துண்டுகளைச் சுத்தம் செய்து, ஒட்டிப் பொருத்தி, 2001இல் மீண்டும் நிமிர்த்தி வைத்தார்கள். இன்று அங்கேதான் நிற்கிறது. லிச்ஃபீல்டு கதீட்ரலில் இவர்கள் செய்த இன்னொரு கிராதி இன்னும் தன் இடத்திலேயே இருக்கிறது. அந்த ஊர்ப் பக்கம் போனால் பார்த்துவிடுங்கள், உங்கள் அட்டையில் இருப்பது கட்டடத்துக்குள் எப்படி இருந்திருக்கும் என்று உடனே புரியும்.

சரி, கிராதி கதையால் படத்துக்கு ஓர் எல்லை கிடைத்துவிட்டது. 1860களுக்கு முன்பு இல்லை, 1967க்குப் பின்பு இல்லை. ஆனால் நூறு வருட இடைவெளி யாருக்கு உதவும்? படத்திலேயே இன்னும் கொஞ்சம் தங்கிப் பாருங்கள். இருபுறமும் கீழே தடித்த உருளைத் தூண்கள், அவற்றின் மேல் அரைவட்ட வளைவுகள். அது 12ஆம் நூற்றாண்டு, நார்மன் காலத்துக் கட்டட வேலை. அதற்கு மேலே இருக்கும் கூர்வளைவு மாடமும் ஜன்னல்களும் பழையவை போலத் தோன்றும். ஆனால் அவை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் வயாட் என்ற கட்டடக் கலைஞர் கட்டியவை. 1786 ஈஸ்டர் திங்கள்கிழமை மேற்குக் கோபுரம் இடிந்து விழுந்து, முகப்பையும் நடுக்கூடத்தின் ஒரு பகுதியையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது. திருத்தி எடுத்த வயாட் நடுக்கூடத்தையே ஒரு கண் அளவு, அதாவது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட தூரம், குட்டையாக்கிவிட்டார். இது உங்கள் அட்டையின் வயதுக்கு நேரடியாக உதவாது. ஆனால் ஒரே படத்தில் மூன்று காலம் அடுக்காக நிற்பதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

படத்தில் ஓர் ஆள்கூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் இயல்புதான். அன்றைய கண்ணாடி நெகட்டிவ் தட்டுகளில், ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பி, கதீட்ரல் உட்புறத்தைப் படம் எடுக்க நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். யாராவது குறுக்கே நடந்து போயிருந்தாலும் பதிந்திருக்க மாட்டார்கள்.

இங்கே நான் ஒருமுறை தவறிய இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் அதே இடத்தில்தான் தவற வாய்ப்பு. ஒரு போஸ்ட்கார்டுக்கு வயது ஒன்றல்ல. படம் எடுத்த நாள் ஒன்று, அட்டை அச்சான நாள் ஒன்று, தபாலில் போட்ட நாள் ஒன்று. ஆரம்ப காலத்தில் ஒருவர் இதே கதீட்ரலின் மேற்கு முகப்பு அட்டையைக் காட்டினார். முத்திரை தெளிவாக 1913. நான் யோசிக்காமல், “1913இல் கதீட்ரல் இப்படித்தான் இருந்தது” என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினால், அட்டையில் இருந்தது வயாட் கட்டிய வெறுமையான முகப்பு. அதை நீக்கிவிட்டு, ஸ்காட்டின் மகன் ஜான் ஓல்ட்ரிட் ஸ்காட் 1902 முதல் 1908 வரை புதிய முகப்பைக் கட்டி முடித்துவிட்டார். இன்று நீங்கள் பார்த்தது அதைத்தான். ஆக, 1913இல் தபாலில் போன அட்டையில் இருந்தது அதற்குப் பல வருடம் முன்பே மறைந்துபோன முகப்பு. கடைக்காரரிடம் பழைய சரக்கு மிச்சமிருந்தால் விற்கத்தான் செய்வார். அட்டை நிறுவனங்களும் ஒரே நெகட்டிவை இருபது வருடம்கூட ஓட்டின. மறுநாள் அவரைத் தேடிப்போய்த் திருத்திச் சொன்னேன்.

இப்போது அட்டையைத் திருப்புவோம். பின்பக்கம் நடுவே ஒரு கோடு, இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் முகவரி. பிரிட்டிஷ் தபால் துறை இதை அனுமதித்தது 1902 ஜனவரியில். உலகத்திலேயே முதலில் அனுமதித்த நாடு அதுதான். அதற்கு முன்பு பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும்தான், சொல்ல வந்ததைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுத வேண்டும். தனியார் அச்சகங்கள் பட அட்டை அச்சிட்டு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம் என்பதே 1894இல்தான் வந்தது. ஆகவே உங்கள் அட்டை 1902க்கு முன்பு அச்சானது அல்ல. இது உறுதி.

படத்தின் கீழ் மூலையில் இருக்கும் எழுத்துகள் ‘எஃப். ஃபிரித் அண்ட் கோ’, ரைகேட் ஊர் நிறுவனம். எகிப்துப் படங்களால் பெயர்பெற்ற பிரான்சிஸ் ஃபிரித் 1860இல் தொடங்கியது. இங்கிலாந்தின் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுப்பதையே தொழிலாக வைத்து 1971 வரை நடந்தது. ஃபிரித் 1898இலேயே காலமானார், அவரிடம் சம்பளத்துக்கு இருந்த பல புகைப்படக்காரர்கள் ஊர் சுற்றினார்கள். அதனால் அவரே எடுத்த படம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு பொடி எண் இருக்கும், உங்கள் போட்டோவில் அது விரலுக்குக் கீழே மறைந்திருக்கிறது. ஃபிரித் நிறுவனம் படங்களை வரிசையாக எண்ணிட்டுப் பதிவேட்டில் எழுதி வைத்தது. அந்தத் தொகுப்பு இன்று இணையத்தில் வருடத்தோடு கிடைக்கிறது. எண்ணைத் தேடினால் நான் சொன்ன மூன்று வயதில் முதலாவது, அதாவது படம் எடுத்த வருடம், கிடைத்துவிடும்.

அடுத்து ஸ்டாம்ப். பிரிட்டிஷ் ஸ்டாம்பில் நாட்டின் பெயரும் இருக்காது, அரசரின் பெயரும் இருக்காது, முகத்தை வைத்துத்தான் அடையாளம். ஏழாம் எட்வர்டுக்கும் தாடி, அவர் மகன் ஐந்தாம் ஜார்ஜுக்கும் தாடி என்பதால் பலர் குழம்புவார்கள். உங்களுடையதில் இருப்பது உச்சி வழுக்கையோடு பக்கவாட்டில் பார்க்கும் எட்வர்டு. அவருடைய அரைப்பென்னி 1902 ஜனவரி முதல் தேதி வந்தது. முதலில் நீலம் கலந்த பச்சை. 1904 நவம்பரில் மஞ்சள் கலந்த வெளிர்ப்பச்சைக்கு மாற்றினார்கள். உங்கள் போட்டோவில் வெளிர்ப்பச்சையாகத் தெரிகிறது, ஆனால் நிறத்தில் போன் கேமராவை நான் நம்புவதில்லை. பகல் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜின் அரைப்பென்னி 1911 ஜூனில் வந்தாலும், கையில் இருந்த எட்வர்டு ஸ்டாம்பை அதற்குப் பிறகும் மக்கள் ஒட்டினார்கள். உள்நாட்டு அட்டைக்கு அரைப்பென்னிக் கட்டணம் 1918 ஜூன் வரைதான். அதன் பிறகு ஒரு பென்னி.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி முத்திரைதான். ஹெரிஃபோர்டு என்பது தெளிவு. மாதம் செப்டம்பர், தேதி 9 என்று படித்திருக்கிறீர்கள். வருடத்தில் பூஜ்யம் மட்டும் தெரிகிறது, கடைசி இலக்கம் மசிந்துவிட்டது. இதோடு விட்டிருந்தால் 1902 முதல் 1909 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று சொல்லி நிறுத்தியிருப்பேன். ஆனால் எழுதியவர் நமக்கு உதவி செய்திருக்கிறார். செய்தியை நீங்கள் தமிழில் தந்தபடியே எடுத்துக்கொள்கிறேன்: “வியாழன். இசைவிழாவால் ஊர் முழுக்கக் கூட்டம். நாளை மாலை ரயிலில் வருகிறேன்.” முதல் சொல்லைப் பாருங்கள், வியாழன். செப்டம்பர் 9 வியாழக்கிழமையில் விழுந்தது எந்த வருடம்? 1902 முதல் 1912 வரை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1903இல் புதன், 1904இல் வெள்ளி, 1906இல் ஞாயிறு, 1908இல் புதன். 1909இல் மட்டும்தான் வியாழன்.

இரண்டாவது வரி அதை இன்னும் இறுக்குகிறது. ஹெரிஃபோர்டு, குளோஸ்டர், வூஸ்டர் ஆகிய மூன்று ஊர்க் கதீட்ரல் பாடகர் குழுக்களும் சேர்ந்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே நடத்திவரும் இசைவிழா ஒன்று உண்டு. மூன்று ஊரிலும் முறைவைத்து மாறி மாறி நடக்கும். ஆக, ஒவ்வோர் ஊருக்கும் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். ஹெரிஃபோர்டின் முறை 1903, 1906, 1909, 1912. அந்த 1909 விழாவில்தான், செப்டம்பர் 8ஆம் தேதி, இசையமைப்பாளர் ஃபிரெடரிக் டீலியஸ் தன் ‘நடன ராப்சோடி’ என்ற இசைப்படைப்பை முதன்முதலாக மேடையேற்றினார், தானே நின்று நடத்தினார். இன்னொரு புகழ்பெற்ற இசையமைப்பாளர் எட்வர்டு எல்கார் அப்போது ஹெரிஃபோர்டில்தான் குடியிருந்தார். உங்கள் அட்டையை எழுதியவர் அதற்கு மறுநாள் ஊரில் இடம் கொள்ளாத கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்றால், அந்த மூன்று வரியின் எடையே வேறு.

‘என்றால்’ என்று ஏன் சொல்கிறேன்? ஒரே ஒரு ஓட்டை இருக்கிறது. மசிந்த முத்திரையில் 6க்கும் 9க்கும் வித்தியாசம் தெரிவது கடினம். 1906 செப்டம்பர் 6ஆம் தேதியும் வியாழக்கிழமைதான்! 1906உம் ஹெரிஃபோர்டின் முறைதான்! தேதியை 9 என்று நீங்கள் படித்தது உண்மையில் 6 ஆக இருந்தால் என் கணக்கு மூன்று வருடம் பின்னுக்குப் போய்விடும். அதனால் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கி, ஊர்ப்பெயர் மேலே இருக்கும்படி முத்திரையைப் பிடித்து, அந்த இலக்கத்தின் வளையம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது மேலே இருந்தால் 1909 என்று நான் தயங்காமல் சொல்வேன். இரவில் எழுதி மறுநாள் காலையில் பெட்டியில் போட்டிருந்தால் என்ற கேள்வி உங்களுக்கு வரலாம். அப்படியானால் 9 வெள்ளியாக இருக்க வேண்டும், அது 1904 அல்லது 1910. அந்த இரண்டு வருடமும் விழா குளோஸ்டரில் நடந்தது. ஆகவே அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

போலியா என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்டாம்பும் முத்திரையும் உள்ள அட்டையைப் போலியாகச் செய்து 2 பவுனுக்கு விற்பதில் யாருக்கும் லாபம் இல்லை. இருந்தாலும் பார்த்துக்கொள்ளுங்கள். முத்திரையின் மை ஸ்டாம்பில் தொடங்கி அட்டைக் காகிதத்திலும் தொடர்ந்து ஓட வேண்டும், ஸ்டாம்பின் ஓரத்தில் அறுந்து நிற்கக் கூடாது. லென்ஸில் படத்தைப் பாருங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் ஹாஃப்டோன் அச்சு. புழு நெளிந்தது போன்ற நுண்ணிய சுருக்கம் தெரிந்தால் கொலோடைப். எதுவுமே தெரியாமல் சாம்பல் நிறம் வழுவழுவென்று ஓடினால், நெகட்டிவிலிருந்து நேரடியாகப் பிரதி எடுத்த உண்மையான புகைப்படம். அதில் கறுப்பான ஓரங்களில் வெள்ளி மினுமினுப்பு ஏறியிருக்கும், அது வயதின் அடையாளம். மூன்றுமே அந்தக் காலத்தில் புழங்கியவைதான். கடைசியாக, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கு கிடைத்தால் இருட்டில் அட்டை மேல் அடித்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காகிதங்களில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிரும். பழைய காகிதம் மங்கலாக இருக்கும்.

விலை விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம்தான் தரப்போகிறேன். கதீட்ரல் அட்டைகள்தான் இங்கிலாந்தில் அதிகம் அச்சானவை, அதிகம் பத்திரப்படுத்தப்பட்டவை. போஸ்ட்கார்டு சந்தைகளில் அவை பெரும்பாலும் மேசைக்குக் கீழே இருக்கும் மலிவுப் பெட்டியில்தான் கிடக்கும். நீங்கள் கொடுத்த 2 பவுன் நியாயமான விலை. விற்கப்போனால் சில பவுன்களுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பது கடைத்தெரு, ரயில் நிலையம், ஆட்கள் தெளிவாகத் தெரியும் காட்சிகள் போன்றவற்றுக்கு. ஆனால் விழா வாரத்தில், விழாவைப் பற்றி எழுதி, அதே ஊர் முத்திரையோடு போன அட்டை என்பதால், உள்ளூர் வரலாறு சேகரிப்பவர் ஒருவருக்கு இது மற்றவற்றைவிடக் கொஞ்சம் பிடிக்கும். நானாக இருந்தால் விற்க மாட்டேன்.

ஸ்டாம்பை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிடாதீர்கள். நிறைய பேர் செய்யும் காரியம் அது. அந்த ஸ்டாம்புக்குத் தனியாக மதிப்பு எதுவும் கிடையாது, எடுத்தால் முத்திரையும் சாட்சியும் போய்விடும். லேமினேட் செய்ய வேண்டாம், பசை ஆல்பத்தில் ஒட்டவும் வேண்டாம். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து மையைப் பிடித்துக்கொள்ளும். பாலியஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள், வெயில் படாத இடத்தில் வையுங்கள். குறிப்பு எழுத வேண்டுமென்றால் உறைக்குள் தனித் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள், அட்டையின் மேல் வேண்டாம்.

லண்டன் போகும்போது இந்த அட்டையைப் பையில் எடுத்துக்கொண்டு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. இரும்பு வேலைப்பாடுகள் இருக்கும் பகுதி எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். அட்டையில் சாம்பல் நிறமாகத் தெரிகிற கிராதி அங்கே நீலமும் சிவப்பும் பொன்னிறமுமாக நிற்கும். அதற்கு முன்பு அந்த ஃபிரித் எண்ணையும், லென்ஸ் வழியாக எடுத்த முத்திரைப் படத்தையும் இங்கே போடுங்கள். 6ஆ 9ஆ என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.